நோர்மன் அத்தானின் ‘அன்னார்’ பந்தி

1

நோர்மன் அத்தான் காலமாகி இன்றைக்கு இருபத்தோராம் நாள் என்று எழுதித்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது முப்பத்தொன்றும் முடிந்துவிட்டது. இடையில் கல்வெட்டு அச்சாகவேண்டியிருந்தது. அதில் வரவேண்டிய ஒரே ஒரு பந்தியை எழுத முடியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்வெட்டு என்றால் ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள்தான் கோயில் மதிலைத் தேடுவார்கள். இறந்தவரின் படத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் நாலு தேவாரத்தையும் போட்டு, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம் அது. ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு அச்சகத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு இதுதான் தொழில். கலியாணக் காட், பெண் பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீட்டுக் காட், கல்வெட்டு. அஜக்ஸில் வீடு வாங்கிப் போன பிறகும் விடிய எழும்பி 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்துவந்து இதைத்தான் செய்கிறேன்.

எந்தக் கல்வெட்டிலும் முதற்பக்கம் ஒன்றுதான். ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கும். பிறகு ‘அன்னார்’ என்று ஒரு பந்தி. அன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அருமை மருமகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மைத்துனரும், பேரனும், பூட்டனும் ஆவார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஆனால் பெயர்களை நாலு தரம் சரிபார்ப்பேன். ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டதற்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் உறவா இல்லையா என்பதை எங்கள் சனம் அந்தப் பந்தியைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும்.

நோர்மன் அத்தானின் பந்தியில் ‘அன்னார்’ என்று அடித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை.

2

அவர் என் மூத்த அக்கா பரமேஸ்வரியின் கணவர். இங்கிலாந்துக்காரர். தொழில், நடிப்பு. கதாநாயகன் அல்ல, குணச்சித்திர நடிகர். பிணத்தைக் கண்டுபிடிக்கும் தோட்டக்காரன், பிணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘நஞ்சு’ என்று சொல்லும் வைத்தியர், உயில் வாசிக்கும் அப்புக்காத்து, சில தடவை அந்தப் பிணமே. இருபது வயதில் சின்னப் பட்டினங்களின் நாடகக் குழுக்களில் கிழவர் வேடம் கட்டத் தொடங்கியவர். கடைசியில் வயது வந்து வேடத்தை எட்டிப் பிடித்துவிட்டது என்று சிரிப்பார். அவரைத் திரையில் காணாத ஆட்கள் இல்லை. அவரின் பெயர் தெரிந்த ஆட்களும் இல்லை.

அக்கா எழுபதுகளில் தாதிப் படிப்புக்கு லண்டன் போனவ. ஒத்திகையில் படியில் இருந்து விழுந்து கால் முறிந்து வந்தவரைக் கட்டுப்போட்டுப் பார்த்து, பிறகு கலியாணமும் கட்டிக்கொண்டா. அப்பா ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு எழுதவில்லை. பழைய காலத்து ஆங்கில நீதவான் ஒருவரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரை ரொறன்ரோவில் எடுத்தபோது, அந்த நீதவானின் குறட்டை விடும் மாமனாராக நடிக்க அத்தான் இங்கே வந்தார். தொடர் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. இந்த நகரத்துக்கு எப்போதும் ஒரு வெள்ளைத் தலை ஆங்கிலேயர் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தார். ரொறன்ரோவும் அவரைப் போலத்தான். படம் எடுப்பவர்கள் தெருவில் நாலு மஞ்சள் ராக்சியை நிறுத்திவிட்டு நியூயோர்க் என்பார்கள், பனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டு மொஸ்கோ என்பார்கள். தன் சொந்தப் பெயரில் இந்த நகரம் நடித்ததை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன்.

ஒருநாள் தமிழ்க் கடையில் அவர் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். ஒரு அன்ரி வந்து அவரையே உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டா.

“தம்பி, உவரை எங்கையோ கண்டிருக்கிறன். முந்தி எங்கடை டொக்டரா இருந்தவரெல்லோ?”

நான் மொழிபெயர்த்தேன். அத்தான் யோசிக்காமல் “யெஸ்” என்றார். அன்ரி அந்த இடத்திலேயே முழங்காலைக் காட்டினா. அத்தான் குனிந்து, இரண்டு இடத்தில் மெதுவாக அழுத்திப் பார்த்து, படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். பக்கத்தில் நின்ற அக்கா, உண்மையான தாதி, கொதித்துப்போனா. காரில் ஏறியதும் அவர் சொன்னார், இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனுசிக்கு வெட்கமாய்ப் போயிருக்கும் என்று.

3

நான் இங்கே அகதியாக வந்தவன். விசாரணைக்கு என்னோடு வந்தவரும் அவர்தான். அக்காவுக்கு அன்றைக்கு வேலை.

என் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கறிஞரோடு இருந்து அதை இருபது தரம் சொல்லிப் பார்த்ததில், ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டு போனது ஆனியிலா ஆவணியிலா என்று எனக்கே மாறாட்டம். வாசலில் வைத்து அத்தான் ஒன்றுதான் சொன்னார். அழாதே, அழுதால் நடிப்பு என்று நினைப்பார்கள், தண்ணீர் குடி. நான் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தேன். மூத்திரம் முட்டிக்கொண்டு வந்ததில் அழுகை வரவே இல்லை.

அத்தான் சாம்பல் நிற சூட் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஏதோ தொடரில் நீதிபதியாக நடித்தபோது தைத்த சூட். விசாரித்த அதிகாரி அம்மா என்னைக் கேள்வி கேட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தா. இடைவேளையில் அவரிடமே கேட்டுவிட்டா, உங்களை எனக்கு முன்பே தெரியுமா என்று. பலர் அப்படி நினைப்பதுண்டு என்று அவர் தலையைச் சாய்த்தார். பின்னேரம் என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். அவர்கள் என்னை நம்பினார்களா, மூலையில் இருந்த நீதிபதியை நம்பினார்களா? குடியுரிமை எடுத்து, கலியாணம் கட்டி, மகள் பிறந்து வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். இன்னமும் எனக்குத் தெரியாது. அத்தானிடம் ஒருமுறை கேட்டேன். “நீ நன்றாகத் தண்ணீர் குடித்தாய்” என்றார்.

4

இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலையில்தான் சிக்கல் தொடங்கியது. மரணப் பதிவுக்கான படிவத்தை நிரப்ப ஒரு பெண் பிள்ளை கணினியோடு வந்து இருந்தாள். நானும் அக்காவும் என் மகள் அபியும் எதிரே இருந்தோம். பெயர், வயது, தொழில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு தகப்பனின் பெயர் கேட்டாள்.

“ஆதர்” என்றா அக்கா. கொஞ்சம் பொறுத்து, “பேக்கரி வைச்சிருந்தவர். இவருக்கு ஆறு வயசிலை செத்துப்போனார்” என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னா.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அக்கா, அவரின்ரை அப்பா ரெயில்வேயிலையெல்லோ? கை ஒண்டு போனவர் எண்டு எனக்குச் சொன்னவர்.”

அபி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நோ, அப்பா. லைட்ஹவுஸ் கீப்பர். மாமா எனக்கு அந்த ஸ்டோரி எத்தினை தரம் சொன்னவர்!”

அந்தப் பிள்ளை விசைப்பலகையில் இருந்து கையை மரியாதையாக எடுத்துவிட்டு, தெரியாது என்று போடலாம், பலர் அப்படித்தான் போடுகிறார்கள் என்றாள்.

“நோ” என்றா அக்கா. “நொட் அன்னோன். ஐ ஆம் ஹிஸ் வைஃப்.”

தகப்பனின் இடத்தில் ‘ஆதர்’ என்று போட்டுக்கொண்டு வந்தோம். அக்காவை விட்பியில் அவவின் வீட்டுக்குக் காரில் கொண்டுபோனேன். வீட்டு வாசலில் அக்கா இருக்கைப் பட்டியைக் கழற்றாமலே கேட்டா.

“நாற்பத்தைஞ்சு வருசம் ஆரோடையடா தம்பி இருந்தனான்?”

“அத்தானோடைதான் அக்கா.”

“அது ஆரெண்டுதான் கேக்கிறன். கல்வெட்டிலை நீ சரியா எழுதவேணும். ஆரின்ரை மகன், எந்த ஊர், எல்லாம் சரியா. கதை வேண்டாம். எனக்குக் கதை கேட்டுக் களைச்சுப் போச்சு.”

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விரல் ஓடாமல் போனது. அவ கேட்டது புத்தகத்தை இல்லை, புருசனை.

5

அடுத்த சனிக்கிழமை அக்கா வீட்டு நிலவறையில் அவருடைய பெட்டிகளைப் பிரித்தோம். எல்லாம் பழைய வசனப் பிரதிகள். அபி போனில் அவருடைய படங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். பாதிப் பாத்திரங்களுக்குப் பெயரே இல்லை. பாதிரியார், பொலிஸ்காரர் இரண்டு, மதுச்சாலையில் இருப்பவர். நூறு பக்கப் பிரதியில் அவருக்கு ஆறு வரி இருக்கும். அந்த ஆறையும் மஞ்சள் பேனையால் ஒளிர அடித்து வைத்திருந்தார். மற்றவர்களின் வரியில் பென்சில் கோடு மட்டும்.

“முதல் வாசிப்பு முடியாமல் மஞ்சளைத் தொடமாட்டார்” என்றா அக்கா. “எல்லாரும் சுத்தி இருந்து முழுக்க வாசிச்சு முடிய, வீட்டை வந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் அடிப்பார்.”

மூன்றாவது பெட்டியில் ஒரு பிஸ்கற் ரின். அதற்குள் பிறப்புச் சான்றிதழ். இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுகப் பட்டினம். தாய் டொறிஸ், வீட்டுப் பணிப்பெண். தகப்பனின் பெயர் வரவேண்டிய இடத்தில் மையால் இழுத்த ஒரு கோடு.

அக்கா அதை வாங்கி வாசித்தா. ஆதரும் இல்லை, பேக்கரியும் இல்லை. அபிதான் சொன்னாள். “சோ ஹி மேட் தெம் அப், மாமி. எல்லா அப்பாவையும்.”

“பாவம் மனுசன்” என்றா அக்கா. உடனே, “எனக்குச் சொல்லியிருக்கலாமே. நான் என்ன கடிச்சுத் திண்டுபோடுவனோ? எனக்குக் கோபம் வருதடா தம்பி, செத்த மனுசனிலை கோபம் வருது” என்றா. அழுதா.

ரின்னுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. எங்கள் அப்பாவின் கல்வெட்டு. அப்பா ஊரில் காலமானபோது நான் இங்கே அச்சடித்தது. அச்சகத்தில் நான் சேர்ந்த புதிது. முதற்பக்கத்தில், அன்னார் பந்தியில், ஒரு பெயருக்கு மேல் மட்டும் மஞ்சள் அடித்திருந்தது. மங்கிப்போன மஞ்சள். அது என் பெயர், சிவநேசன்.

அக்கா விரலால் தடவிப் பார்த்தா. “பாத்தனியே? உன்னிலை எவ்வளவு பட்சம் மனுசனுக்கு.”

ஓம் அக்கா என்று சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம். முப்பது வருடம் தப்பியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தப்பியிருக்கலாம். ஆனால் சொன்னேன்.

அந்தப் பந்தியில் நோர்மன் அத்தானின் பெயர் இல்லை. நான் போடவில்லை. அம்மா கொழும்பில் இருந்து தொலைபேசியில், “அந்த வெள்ளைக்காரன்ரை பேரைப் போட்டியோ, நான் அந்தப் புத்தகத்தைக் கையாலையும் தொடமாட்டன்” என்றிருந்தா. இரண்டாவது அக்காவின் புருசனை மூத்த மருமகன் என்று போட்டேன். இங்கே நடந்த அப்பாவின் முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுப் பந்தியில், அத்தான் புத்தகத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். எனக்காக விசாரணைக்கு வந்து மூலையில் இருந்த மனுசன். இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விரலை வைத்தேன். விரல் விழுந்த இடம் என் பெயர். “ஹியர்” என்றேன். அழகாக இருக்கிறது என்றார்.

அபி “அப்பா!” என்றாள். ஒரு சொல்தான்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா. “எனக்கு அது விடுபட்டது தெரியும். அண்டைக்கே வாசிச்சனான். அம்மாவோடை மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை, பேசாமல் இருந்திட்டன். ஆனா அவர் அண்டைக்கு வீட்டை வந்து, எல்லாத்தையும் ஒருக்கா வாசி எண்டு கேட்டவர். நான் ஒவ்வொரு பேரா விரலை வைச்சு வாசிச்சனான். ஒண்டும் விடேல்லை. என்ரை பேர் எங்கை எண்டு கேப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கேக்கேல்லை. தேத்தண்ணி போடட்டோ எண்டவர்.”

“அப்ப மஞ்சள் அடிச்சது அதுக்கு முன்னமோ?” என்றேன்.

“பின்னாலை.”

“எப்பிடி அக்கா தெரியும்?”

“முழுக்க வாசிக்காமல் அவர் மஞ்சள் தொட்டதில்லை எண்டு இப்பதானே சொன்னனான்.”

அப்படியென்றால் அது தன் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டே அடித்திருக்கிறார். என்னைக் காப்பாற்றவா? பகிடியா? கோபமா? அல்லது, கொடுத்த வரியை எடுத்துக்கொண்டு போகிற தொழில் பழக்கமா? அக்கா நிச்சயமாக இருக்கிறா. எனக்கு நிச்சயம் இல்லை. ஒருவேளை சாப்பாட்டுப் பந்தியில் இருந்து எழும்பியதுமே, என்னை நம்பி, அங்கேயே அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாரோ? அப்படியென்றால் அக்கா வாசித்தபோது அந்தப் பெயரைக் கேட்டு அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

“பேனையை எடு” என்றா அக்கா. “டொறிஸின்ரை அன்பு மகனும் எண்டு போடு. தகப்பன் இல்லை. அந்த மைக்கோட்டை ஆரும் பேராக்கவேண்டாம். அடுத்தது, காலஞ்சென்ற கந்தையா, நாகம்மா தம்பதிகளின்ரை மூத்த மருமகனும்.”

“அக்கா, மூத்த மருமகன் எண்டு அந்தப் புத்தகத்திலை மற்ற அத்தானைப் போட்டாச்சு. சனத்திட்டைக் கிடக்கும்.”

“கிடக்கட்டும்.”

“அப்பா அம்மா ஒத்துக்கொள்ளாத ஒண்டை, அவையைக் கேக்காமல் அவையின்ரை பேரோடை...”

“முந்தி அவையைக் கேட்டுத்தானே பேரை விட்டனீ” என்றா அக்கா.

எழுதினேன்.

6

கல்வெட்டின் அச்சுப் பிரதியைச் சரிபார்க்க எடுத்து வந்தபோது அபி அஜக்ஸ் வீட்டுக்கு வந்திருந்தாள். நகரத்தில் தனியாக இருக்கிறவள், மாதத்துக்கு ஒருமுறைதான் வருவாள். தமிழ் பேசுவாள், வாசிக்க மாட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் ஒழுங்காகக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அது என் பிழை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேர் ஆம் ஐ, அப்பா?” என்றாள்.

மருமக்களின் வரியில் அவள் பெயரைக் காட்டினேன். சரியான பெயர்தான். அவள் என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்து அந்த வரிக்கு மேல் பிடித்தாள். கருவி வாசித்துச் சொன்ன பிறகுதான் “ஓகே” என்றாள். நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் சனம் நிறைய. ஐயர் நோர்மன் என்ற பெயரை எப்படியோ மந்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவரின் நல்ல படங்கள் எல்லாம் ஏதோ ஒரு வேடத்தில் இருந்ததால், கடை வாசலில் மரக்கறிப் பையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒன்றைத்தான் போடவேண்டி வந்தது. வந்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று, எங்கேயோ கண்டிருக்கிறோம் என்று தங்களுக்குள் கதைத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கனகம் அன்ரி புத்தகத்தோடு வந்தா. அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி, எண்பத்தெட்டு வயது, எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிடுவா. அக்காவும் நானும் வாசலடியில் நின்றோம். அன்ரி முதற்பக்கத்தில் விரலை வைத்தா.

“எடி பிள்ளை, மூத்த மருமகன் எண்டு கிடக்கு. கந்தையாண்ணை கடைசி மட்டும் உவரை வாசல்லையும் ஏத்தேல்லையே. பிறகு எப்ப ஒத்துக்கொண்டவர்?”

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஏதாவது ஒரு கதை சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாய் உன்னியது.

“அப்பா ஒத்துக்கொள்ளேல்லை அன்ரி” என்றா அக்கா. என் தோளில் கையை வைத்தா. பாரமான கை. “தம்பிதான் ஒத்துக்கொண்டவன். கொஞ்சம் பிந்திப்போச்சு.”